தொண்ணூற்றெட்டாம் கட்டை: திருகோணமலை வீதிகளின் மைல்கற்கள்

திருகோணமலையிலிருந்து கண்டி வீதியால் செல்லும் பேருந்தில், "தம்பி, தொண்ணூற்றெட்டில இறக்கி விடுங்கோ" என்று ஒரு பெரியவர் சொன்னால் நடத்துநர் மறுகேள்வி கேட்பதில்லை. தம்பலகாமத்தை அடுத்துள்ள 98ஆம் கட்டை அவ்வாறு நிலைத்துவிட்ட ஒரு பெயர். அதே வீதியில் கந்தளாய்ப் பக்கம் 91ஆம் கட்டையும், அதற்கும் அப்பால் அக்போபுரப் பக்கம் 85ஆம் கட்டையும் இருக்கின்றன. வடக்கே நிலாவெளி வீதியில் உப்புவெளி அலஸ்தோட்டத்தை 3ஆம் கட்டை என்றும், நிலாவெளிக் கடற்கரையின் ஒரு பகுதியை 11ஆம் கட்டை என்றும் சொல்வார்கள். அங்குள்ள விடுதிகளின் முகவரிகளில்கூட அந்த எண்களைக் காணலாம். இந்தப் பெயர்களைத் தந்தவை பிரித்தானியர் காலத்தில் வீதியோரங்களில் நாட்டப்பட்ட மைல்கற்கள். கட்டை என்று மக்கள் சொல்வது அவற்றைத்தான். அவற்றுட் பல இன்று இல்லை. வீதி அகலப்படுத்தப்பட்டபோது சில பெயர்க்கப்பட்டன, சில மண்ணுக்குள் தாழ்ந்தன, சில மதகுக்கும் மதிலுக்கும் அடிக்கல்லாகிப் போயின. எண்கள் மட்டும் மக்கள் வாயில் தங்கி ஊர்ப்பெயர்களாக வாழ்கின்றன. எஞ்சியிருக்கும் கற்களையும், கற்கள் இருந்த இடங்களையும் நாம் இப்போதே பதிந்து வைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 98 எங்கிருந்து எண்ணப்பட்டது என்பதைப் பார்ப்போம். அந்த இடத்திலிருந்து திருகோணமலை நகருக்கு ஏறத்தாழ 15 மைல். இரண்டையும் கூட்டினால் 113 வரும். தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகக் கண்டியிலிருந்து திருகோணமலைக்கு உள்ள தூரம் ஏறத்தாழ 182 கிலோமீற்றர், அதாவது 113 மைல். ஆகவே 98 என்பது கண்டியிலிருந்து எண்ணிவந்த எண். கொழும்பிலிருந்து எண்ணியிருந்தால் அது மிகப் பெரிய எண்ணாகவும், திருகோணமலையிலிருந்து எண்ணியிருந்தால் 15ஆகவும் இருந்திருக்கும். நிலாவெளி வீதியில் நிலைமை வேறு. அங்கே 3, 11 எனும் எண்கள் திருகோணமலை நகரிலிருந்து புறப்பட்டு வடக்கு நோக்கி வளர்கின்றன. ஒரே மாவட்டத்தில், ஒரு வீதியின் கணக்கில் நமது நகரம் முடிவிடமாகவும் மற்றொரு வீதியின் கணக்கில் தொடக்கமாகவும் இருக்கிறது. வீதியை அமைத்தவர்கள் எதை எதனோடு இணைக்க விரும்பினார்கள் என்பதை இந்த எண்களின் திசை காட்டிக்கொடுக்கிறது என்று நான் கருதுகிறேன்.

கண்டியையும் திருகோணமலையையும் இணைக்க வேண்டிய தேவை இராணுவத் தேவையாகவே பிறந்தது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய பிரித்தானியருக்கு இந்தத் துறைமுகம் மிக முக்கியமானது. ஆனால் தீவின் நடுவே கண்டி இராச்சியம் சுதந்திரமாக இருந்தது. 1803ஆம் ஆண்டுப் போரில் கொழும்பிலிருந்து ஜெனரல் மக்டோவலின் படையும் திருகோணமலையிலிருந்து கேணல் பார்பட்டின் படையும் புறப்பட்டுக் கண்டியை அடைந்தன. அந்தப் படையெடுப்பு பேரழிவில் முடிந்தது. மறு ஆண்டு கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து ஒரு சிறு படையுடன் கண்டிவரை சென்று, எதிர்பார்த்த துணைப்படைகள் எவையும் வந்து சேராத நிலையில், போரிட்டபடியே காடுகளினூடாகத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். இன்று நாம் பேருந்தில் உறங்கிக்கொண்டே கடக்கும் இந்த நிலப்பரப்பில் அக்காலத்தில் சக்கரம் உருளும் வீதி இல்லை. ஒற்றையடிப் பாதைகளும் ஆற்றங்கரைத் தடங்களும் பொதிமாடுகள் செல்லும் வழிகளுமே இருந்தன. காய்ச்சல் கொன்ற படைவீரர்களின் தொகை போரில் இறந்தவர்களின் தொகைக்குக் குறைந்ததல்ல.

1815 மார்ச் 2ஆம் திகதி, கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியர் வசமாக்கிய கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னரே உள்நாட்டை ஊடறுத்து வீதி அமைக்கும் வேலை முறையாகத் தொடங்கியது. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வேட் பார்ன்ஸ், கண்டியைக் கட்டுக்குள் வைத்திருக்கக் கோட்டைகளைவிட வீதிகளே வேண்டும் என்று நம்பியவர். கொழும்பு-கண்டி வீதி அவர் முயற்சியின் முதற்பயன். அவருக்குக் கீழ் இளைஞராக வீதி வேலையில் இறங்கிய தோமஸ் ஸ்கின்னர், பிற்காலத்தில் பொது வேலைகளின் ஆணையாளராகி 1867இல் ஓய்வுபெறும் வரை, தீவின் வீதி வலைப்பின்னலுக்காக உழைத்தார். கண்டியிலிருந்து வடகிழக்காக நம் துறைமுகத்தை நோக்கி வந்த வீதியும் அந்த வலைப்பின்னலின் ஓர் இழையே.

வீதி அமைந்த பின் அதை அளந்தார்கள். அளவைக்குப் பயன்பட்டது நில அளவையாளரின் சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. 10 சங்கிலி ஒரு பர்லாங்கு. 8 பர்லாங்கு, அதாவது 80 சங்கிலி, ஒரு மைல். இருவர் சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்து, முளையடித்து, மீண்டும் இழுத்து, மீண்டும் முளையடித்து நடந்தால் ஒரு மைலுக்கு அது 80 முறை நீட்டப்படும். கண்டியிலிருந்து 98 மைல் என்றால் 7,840 முறை. யானைக்காடும் முட்புதரும் நிறைந்த வழியில், ஹபரணையிலிருந்து கந்தளாய் வரையுள்ள அந்த வறண்ட நீட்டில் அவ்வேலையைச் செய்தவர்களை நினைக்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது. அவர்கள் ஒவ்வொரு மைலின் முடிவிலும் நாட்டிய கல் வழிப்போக்கருக்கு மட்டும் உதவவில்லை. வீதியைப் பராமரிப்பதற்கான செலவு மைல் கணக்கில் மதிப்பிடப்பட்டது. எத்தனையாவது மைலில் மதகு உடைந்தது, எத்தனையாவது மைலுக்குச் சல்லிக்கல் வேண்டும் என்று வீதி வேலையை மேற்பார்வை செய்யும் ஓவசியர் எழுதுவதற்கு அந்தக் கல்லே ஆதாரம். தபால் சுமந்து ஓடியவருக்கும் மாட்டுவண்டிக்காரருக்கும் கூலியும் நேரமும் அந்தக் கணக்கில்தான் அமைந்தன.

இந்த வீதிகள் யாருடைய உழைப்பில் எழுந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பார்ன்ஸ் காலத்து வேலைகள் இராஜகாரியம் எனும் கட்டாய ஊழியத்தைக் கொண்டு நடந்தன. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையால் 1830களின் தொடக்கத்தில் அது ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848இல் வந்த வீதிக் கட்டளைச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. அதே ஆண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். கொழும்பு-கண்டி வீதியில் கடுகண்ணாவையில், வீதியமைப்பில் ஈடுபட்டு 1829இல் இறந்த கப்டன் டோசனுக்கு உயர்ந்ததொரு கோபுரம் 1832இல் எழுப்பப்பட்டது. அது இன்றும் பயணிகளின் கண்ணில் படுகிறது. கல் உடைத்தவர்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் காய்ச்சலில் காட்டுக்குள் மடிந்தவர்களுக்கும் அப்படி எதுவும் கிடையாது. ஊர் பேரின்றி உழைத்தவர்களின் கைபட்டுச் செதுக்கப்பட்டு, அவர்கள் தோளில் ஏறி வந்து, அவர்கள் தோண்டிய குழியில் நின்ற பொருள் மைல்கல் ஒன்றுதான். ஆகவே அதை அவர்களது நினைவுச்சின்னமாகக் கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

வீதியோரத்தில் தூரக்கல் நாட்டுவது பிரித்தானியர் நமக்குக் கற்பித்த வழக்கமும் அன்று. தமிழ்நாட்டின் தர்மபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. நாவற்றாவளம் எனும் இடத்துக்கு 29 காதம் என்று அது எழுத்தில் சொல்கிறது. அத்தோடு நிற்காமல், பத்துகளைக் குறிக்க இரண்டு பெரிய குழிகளும் ஒன்றுகளைக் குறிக்க ஒன்பது சிறிய குழிகளும் கல்லில் குடையப்பட்டிருக்கின்றன. எழுத்தறியாத வணிகக் கூலியாளும் இருட்டில் வந்து சேர்ந்தவனும் விரலால் தடவியே தூரத்தை அறிந்துகொள்ளலாம். வழிநடப்பவன் யார் என்பதை நினைத்துச் செய்த வேலை அது. நமது தீவிலும், பொலன்னறுவையிலிருந்து ஆண்ட நிசங்கமல்லன் (1187-1196) வீதிகளை அளந்து, காவுதம் எனும் தூர அளவைக் குறிக்கும் கற்களை நாட்டுவித்தான். அம்மன்னனுக்கும் நமது மாவட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கந்தளாயில் கண்டெடுக்கப்பட்ட கல்லாசனத்தில் அவனது கல்வெட்டு இருக்கிறது. அந்தணர் குடியிருப்பாகிய கந்தளாய் அதில் சதுர்வேதப் பிரமபுரம் என அழைக்கப்படுகிறது. பிரித்தானியரின் 91ஆம் கட்டை நின்ற வட்டாரத்திலேயே, அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன், தூரத்தை அளந்து கல் நாட்டிய மன்னன் அமர்ந்து சென்றிருக்கிறான் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

திருகோணமலையில் கல் என்றாலே நினைவுக்கு வருவது கோட்டை வாயிலில் உள்ள இரட்டைக் கயல் பொறித்த கல்லும், குளக்கோட்ட மன்னனின் கோயில் திருப்பணியைச் சொல்லும் சிதைந்த தமிழ் வரிகளும்தான். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். கோயிலின் கல் கோட்டையின் சுவராயிற்று. இருந்தும் அந்தக் கல் பேசுகிறது. அதன் செய்தி எழுத்திலும் சின்னத்திலும் இருப்பதால் இடம் மாறியும் பொருள் அழியவில்லை. மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று அழைக்கப்பட்ட புளியமரத்தடியில் 1893இல் நாட்டப்பட்ட கல் இன்னொரு வகை. 1660இல் கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்த றொபேட் நொக்ஸ் அந்த இடத்தில் பிடிபட்டதையும், 19 ஆண்டுகள் கண்டி அரசனின் கைதியாக இருந்ததையும் அது குறிக்கிறது. அந்தக் கல்லை எடுத்துக் கொழும்பில் வைத்தால் பாதிப் பொருள் போய்விடும். என்றாலும் பெயரும் ஆண்டும் மிஞ்சும்.

மைல்கல்லின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அதில் பெயரில்லை, ஆண்டில்லை, அரசனில்லை. ஓர் எண் மட்டுமே இருக்கிறது. அந்த எண் உண்மையாக இருப்பது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான். நாட்டிய குழியிலிருந்து பெயர்த்து நூதனசாலைக்குக் கொண்டுபோனால், மிகுந்த அக்கறையுடன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும், அதன்பின் அது சொல்லும் ஒரே செய்தி பொய்யாகிவிடுகிறது. ஏனைய தொல்பொருட்களைக் காக்க நாம் வழக்கமாகச் செய்யும் காரியம், அதாவது பத்திரமான இடத்துக்கு எடுத்துச் செல்வது, மைல்கல்லைப் பொறுத்தவரை அதை அழிப்பதற்குச் சமம். நல்லெண்ணத்தோடு இக்கற்களைத் தம் வளவுக்குள் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் எடுப்பதற்கு முன் அது நின்ற இடத்தையாவது எழுதி வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் உண்டு.

சட்டமும் இக்கற்களுக்குப் பெரிதாகத் துணை நிற்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்சின்னங்களாகக் கொள்கிறது. அதற்குப் பிற்பட்டவற்றைத் தனித்தனியாகப் பிரகடனம் செய்தாலன்றிப் பாதுகாப்பு இல்லை. எந்த நாளில் கண்டி வீழ்ந்ததோ, எந்த வீழ்ச்சியினால் கண்டி-திருகோணமலை வீதியும் அதன் மைல்கற்களும் உருவாக முடிந்ததோ, அந்த நாளையே சட்டம் எல்லையாக வைத்திருக்கிறது. ஆகவே நம் வீதியின் பழங்கற்கள் அனைத்தும் பிறப்பிலேயே எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஒவ்வொரு மைல்கல்லுக்கும் தனிப் பிரகடனம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் ஒரு வீதியின் எஞ்சிய கற்களை ஒரு தொகுதியாக எடுத்துப் பிரதேச சபைகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் தத்தம் பதிவேட்டில் சேர்த்துக்கொள்வதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை.

1970களில் நாடு மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியபின் மைல்கற்களின் வேலை படிப்படியாக முடிந்தது. இப்போது நாம் காணும் கிலோமீற்றர் கற்கள் வேறொரு கணக்கைச் சேர்ந்தவை. கண்டி வீதி என்று நாம் அழைக்கும் வீதி, இன்றைய அரசாங்க இலக்கத்தில் அம்பேபுசையில் தொடங்கிக் குருநாகல் வழியாகத் திருகோணமலையில் முடியும் ஏ6 வீதியின் பகுதி. அதன் கிலோமீற்றர்கள் அம்பேபுசையிலிருந்து எண்ணப்படுகின்றன. 98 மைலைக் கிலோமீற்றராக்கினால் 158 வரும் என்பதற்காக 158 எனும் கல்லைத் தேடிப் போனால் தம்பலகாமம் வராது. அளவும் மாறிவிட்டது, எண்ணத் தொடங்கிய இடமும் மாறிவிட்டது. எனவே பழைய எண்ணைப் புதிய எண்ணிலிருந்து கணக்குப் போட்டு மீட்க முடியும் என்று எவரும் எண்ண வேண்டாம்.

இந்த எண்களை நான் விரும்புவதற்கு இன்னுமொரு காரணம் இருக்கிறது. திருகோணமலையில் ஓர் ஊரின் பெயரைச் சொல்வது எப்போதும் எளிதான காரியமாக இருந்ததில்லை. ஒரே குளத்துக்கு, ஒரே குன்றுக்கு, ஒரே கிராமத்துக்கு இரண்டு பெயர்கள். எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே ஆளை எடைபோட்ட காலங்களை நாம் கடந்து வந்திருக்கிறோம். தமிழரும் முஸ்லிம்களும் கட்டை என்கிறோம், சிங்களவர் கணுவ என்கிறார்கள், எண் ஒன்றுதான். தொண்ணூற்றெட்டுக்கு எவரும் உரிமை கோரியதில்லை, எவரும் அதை மாற்ற முயன்றதுமில்லை. போர்க்காலத்தில் எந்தக் கட்டைவரை பேருந்து போகிறது, எந்தக் கட்டையில் சோதனைச்சாவடி என்று மக்கள் கேட்டறிந்ததும் இந்த எண்களால்தான். தம்பலகாமத்து வயலுக்கு நாளாந்தம் போய்வந்த எங்கள் பெரியப்பா, "கல்லைப் பிடுங்கினா என்ன தம்பி, இடம் அங்கதானே கிடக்கு" என்பார். அவர் தலைமுறைக்கு அது உண்மை. கல் நின்ற இடத்தைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். அடுத்த தலைமுறைக்கு 98ஆம் கட்டை என்பது அரை மைல் நீளத்துக்கு விரிந்துகிடக்கும் ஒரு கடைத்தெருவின் பெயர். அதற்குள் எந்த இடம் சரியான இடம் என்று காட்ட ஆளில்லாமற் போய்விடும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. உங்கள் பகுதியில் ஒரு பழைய மைல்கல் நின்றால் அதன் எண்ணையும், வீதியின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதையும், எண் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதையும் எழுதி, கல்லை மட்டுமின்றிச் சூழலும் தெரியும்படி படம் எடுங்கள். கைப்பேசியிலேயே அமைவிடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளைக் குறித்துக்கொள்ளலாம். எண் தேய்ந்திருந்தால் சுண்ணாம்போ எண்ணெய்ப் பூச்சோ பூச வேண்டாம். மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் எடுத்த படத்தில் தேய்ந்த வெட்டும் தெளிவாகத் தெரியும். கல் இல்லாத இடங்களில், அது நின்ற இடத்தைக் கண்ட பெரியவர்களை அழைத்துச் சென்று காட்டச் சொல்லுங்கள். இருவரைத் தனித்தனியாக அழைத்துச் சென்று, இருவரும் ஒரே இடத்தைக் காட்டினால் அதை நம்பலாம். உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் புவியியலும் வரலாறும் சேர்ந்த நல்லதொரு களவேலையாக இது அமையும். ஓர் ஆசிரியர் முன்வந்தால் போதும்.

வீதி அகலப்படுத்தும் வேலைகளைச் செய்வோரிடம் ஒரு தனி வேண்டுகோள். கல் தடையாக இருந்தால் அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. தூரம் கொண்டுபோகவும் வேண்டியதில்லை. வீதியின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக, நேர் பின்னோக்கி, புதிய ஓரத்துக்கு நகர்த்தி நாட்டினால் கண்டியிலிருந்து அந்தக் கல்லுக்குள்ள தூரம் மாறுவதில்லை. பத்தடி பின்னே போனாலும் அதன் எண் உண்மையாகவே இருக்கும். வீதியின் நீளவாக்கில் மட்டும் அதை நகர்த்தாதீர்கள்.